தகரக்கூரைக்கு அடர் சாம்பல் கூல் பெயிண்ட்: கருப்பு ஸ்டெய்னர் கலக்கலாமா?

தறிக்கொட்டகை:
ஜிங்க் ஷீட் கூரை, 1,200 சதுர அடி. வெள்ளை அடித்தால் எதிர்மாடிக்குக் கண் கூசும் என்பதால் அடர் சாம்பல் வேண்டும். வெயிலைத் திருப்பிச் சூட்டைக் குறைக்கும் வெள்ளைக் கூல் பெயிண்டில், கருப்பு ஸ்டெய்னர் (நிறமேற்றும் கலவை) கலந்தால் போதுமா? தூசியும் தானாகக் கழுவிப்போக வேண்டும்.

நிறமி:
கலக்கவே கலக்காதீர்கள். அந்த ஸ்டெய்னர் பெரும்பாலும் கார்பன் பிளாக், அதாவது கரித்தூள் நிறமி. வெயிலின் ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கார்பன் அதையும் விழுங்கிவிடும். கேட்டு வாங்க வேண்டியது குரோம்-இரும்பு ஆக்சைடு கருப்பு, அதாவது பிக்மென்ட் பிரவுன் 29. கண்ணுக்குக் கருப்பு, ஆனால் அகச்சிவப்பை ஓரளவு திருப்பிவிடும். பெரிலீன் கருப்பு என்ற இன்னொரு நிறமி வேறு மாதிரி: அகச்சிவப்பை உள்ளே விட்டுவிடும், அடியில் வெள்ளை இருந்தால்தான் பட்டுத் திரும்பும்.

உச்சி வெயில் சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட். சாதா கருப்பு அதில் 950 வாட்டை வாங்கிக்கொள்ளும். நல்ல கூல் கருப்பு 700 முதல் 750. புது வெள்ளை 200 அளவுதான். அடர் நிறம் வெள்ளையை எட்டாது. எவ்வளவு வெளிர் சாம்பலாக எடுக்கிறீர்களோ அவ்வளவு லாபம்.

பட்டறை:
ஜிங்க் ஷீட்டில் சாதா எனாமலை நேரடியாக அடித்தால், அதிலுள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாகி, பெயிண்ட் தோல்தோலாக உரியும். சோப்புத் தண்ணீரில் பிசுக்குப் போகக் கழுவி, 220 எண் எமரித் தாளால் லேசாகத் தேய்த்து, ஜிங்க் ஷீட்டுக்கான பிரைமர், பிறகு வெள்ளை இரண்டு கோட், மேலே சாம்பல். மதியத்தில் அடிக்காதீர்கள்; சூட்டில் பரவுமுன்பே காய்ந்து பிரஷ் தடம் நிற்கும்.

தாமரையிலை:
சுத்தமாகும் பூச்சில் இரண்டு வகை. ஒன்றில் நீர்த்துளி உருண்டு தூசியை அள்ளிப்போகும். அதன் உயிரே நுண் மேடுகள். கூரையில் ஏறி நடந்தாலோ துடைப்பத்தால் தேய்த்தாலோ போச்சு. மற்றது அனடேஸ் என்ற படிக வகை டைட்டானியம் டையாக்சைடு: வெயிலில் அழுக்கை அரிக்கும், மழைநீர் படலமாகப் பரவிக் கழுவும். சாதா அக்ரிலிக்கில் கலந்தால் பெயிண்டைப் பிடித்து வைக்கும் பைண்டரையே தின்று மாவாக உதிரும். சிலிக்கேட் அல்லது சிலிக்கான் ரெசினில்தான் நிற்கும். இரண்டுக்குமே மழை வேண்டும். மழையில்லா மாதங்களில் மென்மையான பிரஷ்ஷும் தண்ணீரும்தான். புகைக்கரியை விட்டுவைக்காதீர்கள், அதுவும் கார்பனே.

தறிக்கொட்டகை:
வாங்குமுன் சோதிக்க வழி உண்டா?

நிறமி:
ஓரடிச் சதுரத் தகரம் மூன்று. ஒன்றில் சாதா சாம்பல், ஒன்றில் கூல் சாம்பல், ஒன்றில் வெள்ளை. தெர்மோகோல் மேல் வைத்து, பன்னிரண்டு மணியிலிருந்து ஒரு மணி நேரம் வெயிலில் விட்டு லேசர் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். பெயிண்ட் இல்லாத ஜிங்க் மேல் பிடிக்காதீர்கள். பளபளப்பில் வானம் பிரதிபலித்து, கை வைக்க முடியாத சூட்டையும் குறைத்தே காட்டும்.