காஞ்சனபுரி மரண ரயில்: அம்மாவுடன் எப்படிப் போவது?

கேள்வி:
அடுத்த மாதம் அம்மாவுடன் பாங்காக் போகிறேன். 1943இல் மலாயாவின் பேராக் தோட்டத்திலிருந்து, தாய்லாந்து–பர்மா ரயில் பாதை போட சப்பான்காரன் பிடித்துப் போன தாத்தா திரும்பவே இல்லை. அந்தப் பாதையில் காஞ்சனபுரியில் இருக்கும் குவாய் பாலத்தையாவது அம்மாவுக்குக் காட்ட வேண்டும். அவருக்கு முட்டி வலி வேறு.

பதில்:
தம்பி, பாங்காக்கின் தோன்புரி நிலையத்தில் காலை ரயிலைப் பிடியுங்கள். மூன்றாம் வகுப்பு, மின்விசிறிதான். போகும்போது இடப்பக்கம் உட்காருங்கள். தாம் கிராசே என்ற இடத்தில் பாறையை உரசிக்கொண்டு மரப்பாலத்தின் மேல் ரயில் ஊரும், கீழே ஆறு. என் மனைவி கண்ணையே திறக்கவில்லை! குவாய் பாலத்தில் வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை. நடுவில் நேர்க்கோடாக இருக்கும் இரண்டும் குண்டுவீச்சுக்குப் பிறகு, போர் முடிந்து வைத்தவை. பாறையை வெட்டிப் பாதை போட்ட ஹெல்ஃபயர் பாஸில் படிகள் அதிகம். அம்மாவுக்கு மேலே இருக்கும் அருங்காட்சியகமே போதும்.

இன்னொரு பதில்:
காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே போர்க் கல்லறை இருக்கிறது. கிட்டத்தட்ட 7,000 பேர், பெரும்பாலும் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள். அங்கே தமிழ்ப் பெயர் தேடாதீர்கள். நான் வெயிலில் வரிசை வரிசையாகத் தேடி ஏமாந்தேன். பக்கத்தில் வாட் தாவோர்ன் வராராம் கோயிலில் உங்கள் தாத்தாவைப் போன்ற ஆசியத் தொழிலாளர்களுக்கான நினைவிடம் உண்டு. அம்மாவை முதலில் அங்கே அழைத்துப் போங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. அங்கே சூடம் ஏற்ற விடுவார்களா?

பதில்:
நான் ஊதுவத்தி ஏற்றினேன், யாரும் தடுக்கவில்லை. தீப்பெட்டியை மறக்காதீர்கள்.