மேகமலை தாண்டி மகாராஜாமெட்டு போக எந்த வண்டியை வாடகைக்கு எடுக்கலாம்?

வைகைக்கரை:
வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு மேகமலை போகிறோம். நான், மனைவி, அம்மா, பையன், பொண்ணு என்று ஐந்து பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. சின்னமனூரிலிருந்து மலை மேலே இருக்கும் ஹைவேவிஸ் ஊர் வரை ரோடு நன்றாகப் போட்டுவிட்டார்கள், ஆனால் அதைத் தாண்டி மகாராஜாமெட்டு, இரவங்கலாறு பக்கம் போனால் வெறும் கல்லுதான் என்கிறார்கள். வீட்டு ஸ்விஃப்டை அங்கே கொண்டுபோக மனசு வரவில்லை. மதுரையில் செல்ஃப் டிரைவ் கொடுக்கும் ஓர் இடத்தில் தார், பொலேரோ, ஜிம்னி மூன்றும் இருக்கின்றன. தார்தான் வேண்டும் என்று பையன் ஒரே பிடிவாதம். மறுநாள் போடிமெட்டு வழியாகக் கொழுக்குமலையும் போக ஆசை. கொடைக்கானல் ரோட்டிலெல்லாம் ஓட்டிப் பழக்கம் உண்டு, கல் ரோட்டில் ஓட்டியதில்லை. எதை எடுக்கலாம்?

தேனிக்காரன்:
முதலில் ஆள் கணக்கைப் பாருங்கள். மூன்று கதவு தாரிலும் ஜிம்னியிலும் நான்கு பேருக்குத்தான் இடம். நீங்கள் ஐந்து பேர். அதிலும் தாரின் பின்சீட்டுக்குப் போக முன்சீட்டை மடக்கி, உயரமாகக் கால் வைத்து ஏறி உள்ளே நுழைய வேண்டும், முழங்கால் வலி உள்ளவர்களை அப்படி ஏற்றி இறக்குவது பாவம். தார் ராக்ஸ் கிடைத்தால் அது ஐந்து பேர் வண்டி, ஐந்து கதவு, அப்போது பையன் ஆசையும் நிறைவேறும். ஆனால் ஒன்று, "தார்" என்று போட்டிருப்பதெல்லாம் ஃபோர் பை ஃபோர், அதாவது நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள வண்டி, கிடையாது. 2023க்குப் பிறகு பின் சக்கரத்துக்கு மட்டும் இழுவை உள்ள தாரும் நிறைய ஓடுகிறது, ராக்ஸிலும் அப்படி உண்டு. வண்டிக்குள் உட்கார்ந்து, கியர் கம்பிக்குப் பக்கத்தில் 2 ஹெச் (இரண்டு சக்கர இழுவை), 4 ஹெச் (நான்கு சக்கர இழுவை), 4 எல் (நான்கு சக்கர இழுவை, மெதுவாக ஊர்ந்து ஏற) என்று எழுதிய இன்னொரு கம்பி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது பொலேரோ. ஹைவேவிஸ் தாண்டி ரோடு எப்படி இருக்கும் என்றால், எஸ்டேட் ஜீப்பும் டிராக்டரும் ஓடி ஓடி இரண்டு பக்கமும் சக்கரத்தடம் பள்ளமாகி, நடுவில் புல்லும் கல்லுமாக மேடு தூக்கி நிற்கும். கார் வயிறு தட்டுவது அந்த நடுமேட்டில்தான். ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மில்லிமீட்டர், பொலேரோ 180, ஜிம்னி 210, தார் 226. கம்பெனி சொல்லும் இந்தக் கணக்கு காலி வண்டிக்குத்தான். ஐந்து பேரும் பெட்டியும் ஏறினால் பின்பக்கம் இறங்கிவிடும், அதில் பொலேரோவின் பட்டை ஸ்பிரிங் மற்றவைபோல அவ்வளவு அமுங்காது. அடுத்து இழுவை. பொலேரோ டீசல் என்பதால் இன்ஜின் நிமிடத்துக்கு 1600 சுற்று சுற்றும்போதே முழு இழுவை வந்துவிடுகிறது, கல் மேல் ஊர்ந்து ஏறும்போது கிளட்சை அரைக்க வேண்டியதில்லை. பெட்ரோல் வண்டியில் ஏற்றத்தில் கிளட்ச் கருகும் வாசம் வந்தால் நிறுத்தி ஆறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பொலேரோவில் குறை என்றால் குலுக்கல், அம்மாவை முன்சீட்டில் உட்கார வையுங்கள். கடைசி வரிசை பக்கவாட்டு சீட்டில் பிள்ளைகளை உட்கார விட வேண்டாம், 18 கொண்டை ஊசி வளைவிலும் வாந்திதான்.

பச்சைமலை ரைடர்:
தேனிக்காரன் அண்ணா சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். சாதா பொலேரோவில் பின் சக்கர இழுவை மட்டும்தான். மழை பெய்து களிமண் ஊறிவிட்டால், ஒரு பின் சக்கரம் பள்ளத்தில் சுற்றத் தொடங்கிய பிறகு எவ்வளவு இழுவை இருந்தும் பிரயோஜனம் இல்லை. ஐப்பசி மழை நேரம் என்றால் 4 எல் உள்ள வண்டி இல்லாமல் அந்தப் பக்கம் போகவே கூடாது என்பது என் எண்ணம். ஜிம்னி சின்ன வண்டி, ஒடுங்கிய எஸ்டேட் ரோட்டில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்க அதைவிட வசதியானது கிடையாது. ஐந்து பேர் என்பதால்தான் உங்களுக்கு ஆகாது. அப்புறம், ஃபோர் பை ஃபோர் எடுத்தால் காய்ந்த தார் ரோட்டில் 4 ஹெச்சில் போட்டு ஓட்டாதீர்கள். வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் உருளும், அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரன்ஷியல் இந்த வண்டிகளில் நடுவில் இல்லை, பல்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். கல் ரோடு, சேறு வந்த பிறகு போடுங்கள், போதும்.

வைகைக்கரை:
இவ்வளவு விவரத்துக்கு நன்றி. தார் ஆசையைப் பையனிடம் பேசி முடித்துவிட்டேன். பொலேரோ என்று வைத்துக்கொண்டால் கொழுக்குமலைக்கும் அதே வண்டியில் போகலாமா? வாடகைக்காரர்களிடம் என்ன கேட்டுக்கொள்ள வேண்டும்?

சின்னமனூர் பாலு:
சார், கொழுக்குமலைக்கு எந்த வண்டி எடுத்தாலும் கேரளப் பக்கம் இருக்கும் சூரியநெல்லியோடு சரி. அதற்கு மேல் உள்ளூர் ஜீப்தான், சொந்த வண்டியை விடமாட்டார்கள், விட்டாலும் போகக்கூடாத ரோடு. பாறைப்படிகள் மாதிரி சில இடங்கள் வரும், அந்த டிரைவர்கள் எந்தக் கல்லில் எந்தச் சக்கரத்தை வைக்க வேண்டும் என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கித் தூக்கிப் போடும். அம்மாவை அதில் ஏற்ற வேண்டாம் சார், தயவுசெய்து. அவர்களோடு ஒருவர் கீழே ரூமில் இருந்துவிட்டு மற்றவர்கள் விடியற்காலை ஜீப்பில் போய்விட்டு வாருங்கள்.

மகாராஜாமெட்டுக்கும் நான் அதையேதான் சொல்வேன். ஹைவேவிஸ் வரை உங்கள் வண்டி, அங்கிருந்து உள்ளூர் ஜீப். கல் ரோட்டில் முதல்முறை ஓட்டுகிறவர் குடும்பத்தை வைத்துக்கொண்டு, வாடகை வண்டியில் பழகக்கூடாது. அந்தப் பக்கம் முழுக்க 2021லிருந்து புலிகள் காப்பகம், வனத்துறை சில நேரம் மேலே விடாமல் திருப்பி அனுப்பும், அன்றைக்கு விடுகிறார்களா என்பது ஜீப்காரர்களுக்குத்தான் தெரியும். அப்படிச் செய்தால் வாடகைக்குத் தாரும் வேண்டாம், பொலேரோவும் வேண்டாம், அம்மா சுலபமாக ஏறி இறங்குகிற எர்டிகா கார் போதும். ஹைவேவிஸ் ரோட்டுக்கு அது தாராளம்.

வாடகை வண்டியில் பார்க்க வேண்டியது: நம்பர் பலகை கருப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும். வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியை வாடகைக்குக் கொடுப்பவர்களிடம் எடுத்து விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். டயர், அடிப்பாகச் சேதம் பெரும்பாலும் உங்கள் தலையில்தான் விழும், ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள், கேரளாவுக்குள் போக அனுமதி, பர்மிட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வண்டியை வாங்கும்போது செல்போனை பம்பருக்குக் கீழே நீட்டி, ஆயில் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) தெரிகிற மாதிரி அடிப்பாகத்தையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் கதவில் இருக்கும் கீறலை எடுக்கிறார்கள், சண்டை வருவது கீழே இருக்கும் ஒடுக்குக்குத்தான். ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வீல் ஸ்பானர் மூன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பாதியில் சூடேறி பிடிக்காமல் போகும். டீசலோ பெட்ரோலோ சின்னமனூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மாலை 6 மணிக்கு மேல் மலையடிவாரத்தில் இருக்கும் தென்பழனி செக்போஸ்ட்டில் விடமாட்டார்கள், பனிமூட்டத்தில் வளைவு திரும்பும்போது காட்டுமாடு நடுரோட்டில் நிற்கும், அதனால் மதியத்துக்குள் மேலே போய்ச் சேர்வதுபோல மதுரையில் கிளம்புங்கள். ஜீப்பை ரூம் போடும்போதே சொல்லி வைத்துவிடுங்கள், சனி ஞாயிறு என்றால் வந்து தேடினால் கிடைக்காது.

வைகைக்கரை:
பாலு சார் சொன்னபடியே செய்கிறேன். எர்டிகா, மேலே ஜீப். ரூம்காரரிடம் இன்றைக்கே ஜீப்புக்குச் சொல்லிவிடுகிறேன். கொழுக்குமலைக்குப் பிள்ளைகளும் நானும் மட்டும், அம்மாவோடு மனைவி சூரியநெல்லியில் இருந்துவிடுவதாகச் சொல்லிவிட்டாள்.