மேலே ஐஸ், கீழே சூடு: பிரிட்ஜ் திருத்தின அனுபவங்கள்

பரந்தன்காரன்:
எங்கள் வீட்டில் இருப்பது இரட்டைக் கதவு பிரிட்ஜ், கதவில் ‘நோ புறொஸ்ற்’ என்று எழுதியிருக்கும், அதாவது உள்ளே பிடிக்கும் ஐஸைத் தானே உருக்கிக்கொள்ளும் வகை. மாரி தொடங்கியதும் ஒரு கூத்து. பிறீசரில் மீன் கல்லுப்போல கிடக்கும், கீழ்த்தட்டில் வைத்த தயிர் பின்னேரத்துக்குள் புளித்துவிடும். பார்க்க வந்த திருத்துநர் பெட்டியைத் திறக்காமலே, குளிரூட்டும் காஸ் போய்விட்டது, நிரப்ப வேண்டும் என்றார். காஸ் குறைந்தால் பிறீசரும் சேர்ந்தல்லவா சோர வேண்டும்? எனக்கு அது பொருந்தவில்லை.

இந்த வகையில் குளிர்ச் சுருள் பிறீசருக்குப் பின்னால் மட்டும்தான். அங்கிருந்து ஒரு சின்னக் காற்றாடி குளிர்காற்றைக் கீழே தள்ளும். சுருளை ஐஸ் மூடினால் காற்றுக்கு வழியில்லை. பிளக்கைக் கழற்றி, பிறீசரின் பின்தகட்டின் ஆணிகளை எடுத்துப் பார்த்தால், சுருள் முழுக்க வெள்ளைச் சுவர். காஸ் குறைவென்றால் பெரும்பாலும் ஒரு முனையில் மட்டும்தான் ஐஸ் படியும். அதோடு காஸ் கதையை விட்டேன்.

கத்தியால் கிண்டக் கூடாது. சுருள் மெல்லிய அலுமினியம். ஓட்டை விழுந்தால் காஸ் வெளியே வரும், பல புதுப் பெட்டிகளில் இருக்கும் ஆர்600ஏ என்ற காஸ் தீப்பற்றும். சுடுநீர்ச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன், தானாக உருகியது. அப்புறம் சில நாள் நல்லாத்தான் குளிர்ந்தது, பிறகு பழையபடி. ஐஸை உருக்கினால் வருத்தம் மாறாது, அதை உருக்க வேண்டிய ஆள் யாரென்று தேட வேண்டும்.

ஆட்கள் மூன்று: நேரம் பார்க்கும் ரைமர், சூடேறினால் ஹீற்றரின் கரண்டை வெட்டும் பைமெற்றல் சுவிட்ச், ஐஸை உருக்கும் ஹீற்றர். ரைமர் 6 முதல் 12 மணி நேரம் கொம்பிரசரை ஓடவிட்டு, பிறகு அதை நிறுத்தி ஹீற்றருக்கு 20, 30 நிமிடம் கரண்ட் கொடுக்கும். எங்களுடையது குளிர் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்குள் ஒளிந்திருந்தது. மறுபடி ஐஸ் பிடிக்கும்வரை பொறுத்து, பிளக்கைக் கழற்றி, ரைமரின் வெட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ‘டிக்’ என்று கேட்கும்வரை திருப்பிவிட்டுத் திரும்பப் பிளக்கைப் போட்டேன். கொம்பிரசர் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் பின்னால் தண்ணீர் சொட்டும் சத்தம்! ஹீற்றரும் பைமெற்றலும் நல்லம், ரைமர்தான் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. கிளிநொச்சி ரவுணில் ஒன்று வாங்கி மாற்றினேன். காஸ் நிரப்பக் கேட்ட காசோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை.

மல்லாவி அக்கா:
தம்பி, எனக்கு ரைமரைத் திருப்பியும் ஒன்றும் நடக்கவில்லை. பிளக்கைக் கழற்றி மல்ரிமீற்றரால் அளந்ததில் ஹீற்றர் அறுந்திருந்தது. 230 வோல்ற்றில் 150 வாற் ஹீற்றர் என்றால் 350 ஓம் அளவு காட்ட வேண்டும், என்னுடையதில் ஊசி அசையவே இல்லை.

பைமெற்றலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது நல்ல குளிரில்தான் இணையும், சூடேறினால் பிரியும். எங்கள் வெயிலில் மேசையில் வைத்து அளந்தால் எப்போதும் பழுது மாதிரித்தான் காட்டும், நல்லதைத் தூக்கி எறிந்தவர்கள் இருக்கிறார்கள். பொலித்தீன் பையில் கட்டி, உப்புப் போட்ட ஐஸுக்குள் கொஞ்ச நேரம் புதைத்துவிட்டு அளவுங்கள். பக்கத்தில், சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் வெப்பப் பியூஸ் ஒன்றும் இருக்கும், அதையும் ஒருக்காப் பாருங்கள்.

முள்ளியவளைக் கடைக்காரர்:
2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது எங்கள் பிரிட்ஜில் ஒரு குறையும் தெரியவில்லை. வெட்டு நேரத்தில் ஐஸ் தானே உருகிப் போயிருக்கிறது. கரண்ட் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகுதான் கீழ்த்தட்டு சூடாகி, மரக்கறிப் பெட்டிக்கடியில் தண்ணீரும் நின்றது. எனக்கு இரண்டு பழுது சேர்ந்து: ஹீற்றர் போய்விட்டது, சுருளுக்குக் கீழே இருக்கும் வடிகால் துளையும் ஐஸால் அடைபட்டுக் கிடந்தது. துளைக்கு ஊசி போடும் சிரிஞ்சால் இளஞ்சூட்டுத் தண்ணீர் அடித்தேன், அடைப்பு எடுபட்டுவிட்டது.

பரந்தன்காரன்:
அண்ணை, உங்களுடையதில் திருப்பும் ரைமர் இருக்கிறதா, சர்க்கிட் போட் வகையா? போட் வகையில் ரைமரின் வேலையை அந்தப் போட்டே செய்யும், ஸ்க்ரூ டிரைவர் வைக்கும் வெட்டைத் தேடி மினைக்கெட வேண்டாம். அதில் குளிர் அறியும் சென்சரையும் அளக்க வேண்டும்.