கிளிப் எண் 3-2, விரிதாளில் 'பிப்ரவரி 3' ஆகிறது: கிளிப் பட்டியலை எப்படித் திருத்துவது?

கூத்துமேடை:
திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் பாரதக் கூத்தைப் பத்து இரவுகள் படம்பிடித்தோம். இரண்டு கேமராக்கள், 640 கிளிப்கள். டாவின்சி ரிசால்வ் என்ற படத்தொகுப்பு மென்பொருளில் மீடியா பூலின் (கிளிப்கள் சேரும் இடம்) மெட்டாடேட்டாவை, அதாவது கிளிப் விவரங்களை, சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெற்றுப் பட்டியல்) எடுத்து, விரிதாளில் குறிப்பெழுதினேன். கிளிப் கிளிப்பாகத் திறந்து தட்டச்சு செய்ய எனக்குப் பொறுமை கிடையாது. 'கட்டியங்காரன் நுழைவு, விளக்கு அணைகிறது', 'துரோபதை சபதம், பின்பாட்டுக்காரர் இருமுகிறார்' என்று இரண்டு நாள் உட்கார்ந்தேன்.

இப்போது எல்லாம் பாழ். மூன்றாம் இரவின் இரண்டாம் கிளிப் என்பதற்கு 3-2 என்று போட்டால் 'பிப்ரவரி 3' ஆகிவிட்டது. ரீல் 007 வெறும் 7 ஆகிவிட்டது. சேமித்துத் திறந்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகள். ரிசால்வில் திரும்ப ஏற்றியபோது முதல் இரவின் குறிப்பு, கடைசி நாள் படுகளத்துத் துரியோதனன் மண்ணுருவத்தின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. காப்பாற்ற வழி உண்டா?

பழையகத்தரி:
தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். சிஎஸ்வி தவிர, விரிதாளின் சொந்த வடிவத்தில் பிரதி இருக்கிறதா? தமிழ் கேள்விக்குறியாகவே கோப்பில் பதிவாகிவிட்டால் எந்த மந்திரமும் அதைத் திருப்பித் தராது. சேமிக்கும்போது வெறும் சிஎஸ்வி வேண்டாம், யூடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியாக்கம்) என்று குறிப்பிட்ட வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தேதியாக மாறியதை மீட்கலாம். பக்கத்து நெடுவரிசையில் டெக்ஸ்ட் ஃபார்முலாவைப் போட்டு, நாள்-மாதம் என்ற வடிவத்தில் எழுத்தாக்குங்கள், 3-2 திரும்பிவிடும். கிளிப் எண் 12-ஐத் தாண்டியவற்றை மட்டும் கண்ணால் சரிபாருங்கள், மாதம் பன்னிரண்டுதானே! ரீல் எண்ணையும் இதே ஃபார்முலாவால் மூன்று இலக்கமாக்கலாம்.

இனிமேல் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். நான் லிப்ரே ஆபீசில் திறப்பேன். அது எழுத்துக் குறியாக்கம் என்ன, எந்த நெடுவரிசை என்ன வகை என்று முதலிலேயே கேட்கும். எல்லா நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து 'டெக்ஸ்ட்' என்று கொடுத்துவிடுவேன்.

நெகட்டிவ்:
குறிப்பு இடம் மாறியதற்குக் காரணம் வேறு. கேமரா எது? ஒவ்வொரு மெமரி கார்டிலும் கோப்புப் பெயர் சி0001 என்று மறுபடி தொடங்குகிறதா? அப்படியானால் கோப்புப் பெயரை மட்டும் நம்பிப் பொருத்தினால் முதல் இரவும் பத்தாம் இரவும் ஒன்றுதான். ஏற்றும் பெட்டியில் தொடக்க, முடிவு டைம்கோடையும் (ஃபிரேமின் நேர முத்திரை) சேர்த்துப் பொருத்தச் சொல்லுங்கள். கோப்புப் பெயர், டைம்கோடு நெடுவரிசைகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அவிட் என்ற தொகுப்பு மென்பொருளில் வேலை செய்த பழைய ஆள் என்பதால் ஒரு சொல். அங்கே ஏஎல்இ என்ற கிளிப் பட்டியல் கோப்பில் தலைப்பு, நெடுவரிசைப் பெயர்கள், தரவு என்று மூன்று பகுதிகள் இருக்கும். நெடுவரிசைகளைப் பிரிப்பது டேப் (Tab) விசையின் இடைவெளி. யாரோ ஒருவர் அழகுக்காக டேப்களைச் சாதாரண இடைவெளிகளாக மாற்றிவிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு என்னை எழுப்பியதை இன்னும் மறக்கவில்லை.

கூத்துமேடை:
பிழைத்தேன்! இயக்குநருக்கு முதல் நாள் மாலை மின்னஞ்சலில் அனுப்பிய விரிதாள் இருந்தது. இரண்டாம் நாள் உழைப்பு மட்டும் போயிற்று. ஃபார்முலா வேலை செய்தது. நீங்கள் சொன்னபடியே சி0001, பத்து கார்டிலும். ஆனால் இரண்டாவது கேமராக்காரர் ஒவ்வொரு கார்டிலும் டைம்கோடைப் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். அதற்கு என்ன செய்ய?

பழையகத்தரி:
அவரைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஒரு கார்டுக்கு ஒரு 'பின்' (bin, ரிசால்வில் கிளிப்களுக்கான கோப்புறை) என்று பிரித்து, அந்தப் பின்னின் கிளிப்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஏற்றுமதி செய்யுங்கள். பத்துச் சிறு பட்டியல்கள். திரும்ப ஏற்றும்போதும் அந்தந்தக் கிளிப்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். முதலில் திட்டத்தின் நகல் ஒன்றில் ஐந்தாறு கிளிப்களோடு பார்த்துவிட்டு.

கூத்துமேடை:
நான்கு கார்டு முடிந்தது, அண்ணா. துரியோதனன் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டான். இருமியவர் எந்த இரவில் இருமினார் என்பதுதான் இன்னும் தெரியவில்லை, திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.