மறு: எஞ்சின் ‘ஓவர்கூலிங்’ என்பதற்குத் தமிழ் – ‘சூடுபிடியாமை’ சரிவருமா?

எல்லாருக்கும் வணக்கம். எஞ்சின் தேவையான சூட்டை எட்டாமலே ஓடும் கோளாறைத்தான் ஆங்கிலத்தில் ‘ஓவர்கூலிங்’ என்கிறார்கள். நம் சொற்பட்டியலில் அதற்கு என்ன தமிழ் போடுவது என்பதே இந்த இழையின் கேள்வி.

> ‘மிகைக்குளிர்வு’ என்று வைத்துவிட்டுப் போகலாமே. ஓவர் என்றால் மிகை, கூலிங் என்றால் குளிர்வு. இதற்கு ஏன் இத்தனை மடல்?

சொல் நேராகத்தான் இருக்கிறது அண்ணன், ஆனால் நோயைத் தப்பாகச் சொல்கிறது. என் காருக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செங்கலடியால் திரும்பிப் பதுளை வீதியில் போனபோது, பிபிலை கடந்து லுணுகலை ஏற்றத்தில் கார் கொதித்துவிட்டது. ஊருக்கு இழுத்து வந்து ஒரு கராஜில் விட்டேன். ரேடியேற்றரைக் கழுவினார்கள், வோட்டர் பம்ப் புதிதாகப் போட்டார்கள். பாஸ் கணக்குச் சொல்லும்போது கூடவே ஒன்று சொன்னார்: “தெர்மோஸ்டாட் வால்வைக் கழட்டிப் போட்டன் தம்பி. இந்த வெயிலுக்கு அது என்னத்துக்கு?” எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேற்றருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மட்டக்களப்பு வெயிலில் எஞ்சின் குளிரப்போகிறதா என்ன!

என் கார் சின்ன ஜப்பான் கார். சூடு காட்டும் முள் கிடையாது. எஞ்சின் குளிராக இருந்தால் நீல விளக்கு எரியும், அவ்வளவுதான். முன்பெல்லாம் வீட்டிலிருந்து எடுத்துக் கல்லடிப் பாலம் ஏறுவதற்குள் அது அணைந்துவிடும். வால்வைக் கழற்றியபின் வெகுதூரம் போய், காத்தான்குடியும் தாண்டி ஆரையம்பதியில்தான் அணைந்தது. கார்த்திகை மழையில் ஒருநாள் களுவாஞ்சிக்குடிப் பக்கம் போகையில் அணைந்த விளக்கு திரும்ப எரிந்தது. லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடிய கார் 11க்கு இறங்கியது. ஒயில் மூடியைத் திறந்தால் அடியில் மஞ்சள் கலந்த பால்போல ஒரு களிம்பு. ஹெட் காஸ்கட் (எஞ்சினுக்குள் தண்ணீரும் ஒயிலும் கலக்காமல் அடைக்கும் தகடு) போய்விட்டது என்று நினைத்து ஒரு இரவு தூங்கவில்லை. அது காஸ்கட் இல்லை. ஒயில் போதிய அளவு சூடாகாததால் உள்ளே சேர்ந்த நீராவி வெளியேறாமல் ஒயிலோடு கலந்து கிடந்திருக்கிறது. காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் 60 பாகை. பி0128 என்ற கோளாறுக் குறியீடும் கிடந்தது. தண்ணீர், தெர்மோஸ்டாட் காக்க வேண்டிய சூட்டை எட்டவில்லை என்பதுதான் அதன் பொருள். எஞ்சின் இன்னும் குளிர் என்று ஈசியூ (எஞ்சினை ஆளும் கணினி) நினைத்துப் பெற்றோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. பிளக் நுனியெல்லாம் கரி.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘மிகைக்குளிர்வு’ என்று கேட்டதும் ஒருவர் எங்கே பார்ப்பார்? எது அதிகமாகக் குளிர்விக்கிறது என்று ரேடியேற்றரையும் அதன் காற்றாடியான பேனையும் பார்ப்பார். என் காரில் குளிர்விக்கும் உறுப்பு எதிலும் கோளாறு இல்லை. எஞ்சின் சூடு பிடிப்பதற்கு முதலே தண்ணீர் ரேடியேற்றருக்குப் போய்விடுகிறது. போதாததற்கு, உறைநிலைக்குக் கீழே போயும் உறையாத திரவத்தைச் சொல்ல இயற்பியல்காரருக்கு அந்த மாதிரி ஒரு சொல் வேண்டும். அதை ஏன் நாம் பிடுங்க வேண்டும்?

தோசைக்கல் சூடு பிடிக்கவில்லை என்கிறோம். கடை சூடு பிடிக்கவில்லை என்கிறோம். கொல்லாமை, கள்ளாமை, செரியாமை எல்லாம் இருக்கிற மொழியில் ‘சூடுபிடியாமை’ அந்நியமாக ஒலிக்காது. செரியாமை ஒரு நோயின் பெயராகவே நிற்கிறது, இதுவும் நிற்கும்.

> அக்கரைப்பற்றுப் பக்கம் வயல்காரரிடம் சொல்லிப் பாருங்கள். சூடு என்றால் அவருக்கு வெட்டிக் குவித்த நெற்கதிர். சூடு அடிக்க ஆள் கேட்கிறீர்கள் என்று நினைப்பார்.

சிரித்துவிட்டேன் தம்பி. உண்மைதான், எங்கள் பக்கம் சூடு அடிப்பதும் உண்டு, சூடு வைப்பதும் உண்டு. துப்பாக்கியிலும் சூடு உண்டு. ஆனால் ‘பிடி’ சேர்ந்ததும் வயலும் துப்பாக்கியும் விலகிவிடுகின்றன. எவரும் நெற்குவியல் பிடிக்கவில்லை என்று சொல்வதில்லை. ‘சூடு’ பேச்சுச் சொல், ‘வெப்பம்’தான் துறைச்சொல் என்று எழுதியவருக்கும் இதையே சொல்வேன். ‘வெப்பம்பிடியாமை’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கே மறுக்கும்.

அடுத்தது தெர்மோஸ்டாட். இங்கேதான் எனக்கு இரண்டு மனம். ‘வெப்பநிலைப்பி’ பொதுச்சொல்லாகப் புழங்குகிறது, இஸ்திரிப் பெட்டிக்கும் பொருந்தும். ஆனால் முந்தாநாள் ஒருவர் ‘வெப்பமடை’ என்று எழுதியதிலிருந்து எனக்கு வேறு எதுவும் பிடிக்கவில்லை. எஞ்சினில் இருப்பது மடையேதான். குளத்துத் துருசு (மடைக் கதவு) மூடியிருக்கும்வரை தண்ணீர் வாய்க்காலுக்குப் போகாது. அதுபோல எஞ்சின் தண்ணீர் உள்ளுக்குள்ளேயே சுற்றும். குறித்த சூடு வந்ததும் மடை தானாகத் திறக்கும். வயலில் மடை திறந்து மூடும் வட்டவிதானையின் வேலையை உள்ளே இருக்கும் ஒரு குப்பி மெழுகு செய்கிறது: உருகினால் பருக்கும், பருத்தால் தண்டைத் தள்ளும்.

புதிதாக வாங்கியதைப் பூட்ட முதல் வீட்டில் சோதித்தேன். அதன் விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது. மடை வாயில் ஒரு நூலைச் சிக்கவைத்துப் பானைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டேன், பக்கத்தில் வெப்பமானி. “என்ன காய்ச்சுறீங்க?” என்று அம்மா எட்டிப் பார்த்தா. 82ஐத் தாண்டியதும் வாய் இளகி நூலை விட்டது, சாமான் தொப்பென்று பானை அடியில் விழுந்தது. 95 அளவில் விரல் நுனி போகும் அளவு திறந்து நின்றது.

இந்த மடையை வைத்துத்தான் ‘திறந்தே கிடத்தல்’, ‘மூடியே கிடத்தல்’ என்று இரண்டு பதிவுகள் கேட்கிறேன். முதலாவது சூடுபிடியாமை தரும், இரண்டாவது கொதிப்பைத் தரும். முதலாவதைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். குளிர்ந்த எஞ்சினை இயக்கி, ரேடியேற்றரின் மேல் ஹோஸில் (குழாயில்) கை வையுங்கள். சில நிமிடம் குளிராகவே இருந்து திடீரென்று சுட்டால் மடை சரி. முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தால் திறந்து கிடக்கிறது. சில எஞ்சின்களில் மடை கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அங்கே கீழே தொட வேண்டும். பேனில் கை படாமல் பாருங்கள்.

கழற்றினால் எப்போதும் குளிரும் என்றும் இல்லை. சில மடைகளுக்கு இரண்டாவது தட்டு ஒன்று உண்டு. ரேடியேற்றருக்குப் போகும் பெரிய வழி திறக்கும்போது அது உள்சுற்று வழியை அடைக்கும். அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேற்றருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, வண்டி இன்னும் கொதிக்கும். பாஸ்மாருக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

> சென்சர் பிழையாகக் காட்டினால்? அதற்கும் இதே சொல்லா?

நல்ல கேள்வி. தண்ணீர் மாற்றியபின் காற்று சிக்கி, சூட்டை அளக்கும் சென்சர் தண்ணீரில் படாமல் காற்றில் நின்றாலும் குறைவாகக் காட்டும். எஞ்சின் உள்ளே சூடாகத்தான் இருக்கும். அதற்கு ‘பொய்க்குளிர்’ என்று வைக்கலாமா? சூடுபிடியாமையோடு அதைக் கலக்கக்கூடாது, ஒன்றுக்கு மடை மாற்ற வேண்டும், மற்றதற்குக் காற்றை வெளியேற்றினால் போதும்.

ஆகவே என் வாக்கு: சூடுபிடியாமை, பொய்க்குளிர், எஞ்சினுக்கு மட்டும் வெப்பமடை. பிரிட்ஜ்காரர் தங்கள் தெர்மோஸ்டாட்டுக்கு வேறு இழை தொடங்கட்டும்.