கலைச்சொல்: உப்பு வெண்ணெய் கேரமலுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். சர்க்கரையை நிறம் மாறும்வரை காய்ச்சிச் செய்யும் கேரமலுக்குச் சர்க்கரைப்பாகு, கருகற்பாகு, பொன்பாகு, உவரினிப்பு என்று சொற்கள் வந்துவிட்டன. இடையில் கேட்டவரை மறந்துவிட்டோமோ என்று தோன்றியது. பாரிஸ் அக்கா எழுதியதை மறுபடி மேலே போடுகிறேன்:

> இஞ்ச நான் வேலை செய்யிற கடையில ஒவ்வொரு நாளும் இதைக் காய்ச்சுறம். பிள்ளையளுக்குத் தமிழில சமையல் குறிப்பு எழுதேக்க கேரமல் சோஸ் எண்டு எழுத மனம் வரேல்ல. ஒரு நல்ல சொல் தாங்கோ.

அக்கா, சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடுவோம். பிரெஞ்சுக்காரர்கள் இதை "காராமேல் ஓ பேர் சாலே" என்கிறார்கள். "பேர்" என்பது வெண்ணெய், "சாலே" என்பது உப்பிட்டது. உப்பு ஒட்டிக்கொண்டிருப்பது வெண்ணெயோடு, கேரமலோடு அல்ல. உப்புப் போட்ட வெண்ணெயால் செய்த கேரமல் என்பதுதான் பெயரின் பொருள். இங்கே கடைகளில் "சால்ட்டட் கேரமல்" என்று விற்பதில் வெண்ணெய் பெயரிலிருந்தே காணாமல் போய்விட்டது. நாம் அதைப் பார்த்துச் சொல் ஆக்கினால் "உப்புக் கேரமல்" என்ற இடத்துக்குத்தான் போவோம். அது தவறான இடம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த வெண்ணெய்க்குப் பின்னால் ஒரு வரலாறே இருக்கிறது. பிரான்சில் கபெல் என்று ஓர் உப்பு வரி இருந்தது. 14ஆம் நூற்றாண்டிலிருந்து மன்னர்கள் வசூலித்த வரி. மாகாணத்துக்கு மாகாணம் அளவு மாறும். சில இடங்களில் உப்பு விலை பல மடங்கு. விலக்குப் பெற்ற சில மாகாணங்களில் வடமேற்குக் கடற்கரையில் இருக்கும் பிரிட்டனியும் ஒன்று. 1532இல் அது பிரான்சோடு இணைந்த பிறகும் அந்தச் சலுகை போகவில்லை. உப்பு மலிவு, பசுக்களும் நிறைய. வெண்ணெய் கெடாமலிருக்க அவர்கள் தாராளமாக உப்பைப் போட்டுப் பிசைந்து வைத்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் உப்பில்லாத வெண்ணெயோடு நின்றுகொண்டார்கள். புரட்சியின்போது 1790இல் வரியை எடுத்தார்கள், ஆனால் நாக்கின் பழக்கம் மாறவில்லை. பிரிட்டனியில் வெண்ணெய் என்றால் இன்றும் உப்பு வெண்ணெய்தான். 1930இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

நமக்கு நிலைமை நேர் எதிர். தமிழில் வெண்ணெய் என்று சொன்னாலே அது உப்பில்லாதது. தயிரைக் கடைந்து எடுத்து, நீரில் மிதக்கவிட்டு, உருக்கி நெய்யாக்குவது. அதனால் நம் சொல்லில் "உப்பு" வெளிப்படையாக நிற்க வேண்டும். "உவர்" வேண்டாம் என்பது என் கருத்து. உவர் நிலம், உவர்நீர் என்று வேண்டாத இடங்களில்தான் அந்தச் சொல் நமக்குப் பழக்கம். "உப்பு வெண்ணெய்" போதும், நேராக இருக்கிறது. பிரான்சில் இதிலும் இரண்டு தரம் உண்டு: நூற்றுக்கு அரை முதல் 3 பங்கு வரை உப்பு இருந்தால் "தெமி செல்", அதற்கு மேல் போனால் "சாலே". நாம் முதலாவதை "அரையுப்பு வெண்ணெய்" என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, கேரமல்.

> பாகு என்ற சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு? சர்க்கரைப்பாகு என்றே சொல்லலாமே.

ஐயா, இங்கேதான் நான் உங்களோடு உடன்பட முடியவில்லை. நம் வீட்டில் பாகு வைப்பவர்களைக் கேளுங்கள். கம்பிப் பதம், அதிரசத்துக்குத் தக்காளிப் பதம், பொரிவிளங்காய் உருண்டைக்குத் தட்டில் போட்டால் "டங்" என்று கேட்கும் பதம். இத்தனை பதத்திலும் நடப்பது ஒன்றுதான்: தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது, சூடு ஏறிக்கொண்டே இருக்கிறது, சர்க்கரை சர்க்கரையாகவே இருக்கிறது. கேரமல் இந்தப் பதங்களெல்லாம் முடிந்த பிறகு தொடங்குவது. ஏறக்குறைய 160, 170 டிகிரியில் சர்க்கரையே உடைந்து வேறு பொருள்களாக மாறுகிறது. நிறமும் மணமும் அந்த இலேசான கசப்பும் அப்போதுதான் பிறக்கின்றன. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் சமைப்பவர் எந்த இடத்தில் அடுப்பை அணைப்பார்?

நேற்று இரவு இதற்காகவே ஒருமுறை செய்து பார்த்தேன். அடி கனமான பாத்திரத்தில் 100 கிராம் சர்க்கரை, தண்ணீர் இல்லாமல். கரண்டியால் கிளறக் கூடாது, பாத்திரத்தைத்தான் சுழற்ற வேண்டும். ஓரத்தில் முதலில் இளகி, வைக்கோல் நிறமாகி, தேன் நிறமாகி, பழைய செப்புக்காசு நிறத்துக்கு வரும். அந்த இடத்தில் ஒரு சின்னப் புகை கிளம்பும். அதுதான் அடையாளம். பத்து எண்ணுவதற்குள் இறக்கி, 50 கிராம் உப்பு வெண்ணெயைப் போட வேண்டும். போட்டதும் பால் பொங்குவதுபோல் நுரைத்து எழும்பியது; கையை விலக்கிக்கொண்டேன். அப்புறம் சூடாக வைத்திருந்த பாலேட்டை (க்ரீம்) 100 மில்லி, மெதுவாக. ஆறிய பிறகு கரண்டியில் எடுத்தால் நாடாவாக விழுந்தது. முதலில் இனிப்பு, அதற்குள்ளே கசப்பு, விழுங்கின பிறகு நாக்கின் ஓரத்தில் உப்பு. தோசை போல மெல்லிசாக ஊற்றிய கோதுமைக் க்ரேப் மேல் இதை ஊற்றி மடித்துச் சாப்பிடுவது பிரிட்டனி வழக்கம். வேறெதுவும் வேண்டாம்.

> கருகற்பாகு என்பதே சரி, கருகினால்தானே கேரமல்?

கருகக் கூடாது என்பதுதான் முழு வித்தையும். பத்து நொடி தாமதித்தால் உண்மையிலேயே கருகும். அதைக் கொட்டத்தான் வேண்டும். நல்ல பண்டத்துக்கு, கெட்டுப்போனதன் பெயரை வைக்க வேண்டாம்.

இன்னொருவர் கேரமல் என்பதே "கரு" என்ற தமிழ் வேரிலிருந்து போனது என்று எழுதியிருக்கிறார். ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது, நண்பரே. பிரெஞ்சுக்கு இந்தச் சொல் ஸ்பானியம் வழியாக வந்தது. கரும்பைக் குறித்த பழைய இலத்தீன் சொல்லோடு இணைத்துக் காட்டுபவர்களும் உண்டு. நம் மொழிக்குப் பெருமை சேர்க்க, இல்லாத உறவு தேவையில்லை.

என் பரிந்துரை: முறுகுபாகு.

இது நான் உண்டாக்கிய சொல் என்று சொல்ல மாட்டேன். மைசூர்பாகு கிண்டும்போது என் அத்தை சொல்வது: "பாகு முறுகிடும், தீயைக் குறை." பதம் தாண்டிப் போவதற்கு நம் அடுக்களையில் ஏற்கெனவே வினை இருக்கிறது. அங்கே அது தவறு, இங்கே அதுதான் நோக்கம். ஆனால் முறுகல் என்றாலே நாம் முகம் சுளிப்பதில்லை. நெய் முறுகல் தோசையைக் கேட்டு வாங்குகிறோம். கருகலுக்குக் கிடைக்காத மரியாதை முறுகலுக்கு உண்டு.

இலக்கணமும் இடிக்கவில்லை. முறுகிய பாகு, முறுகுகிற பாகு, முறுகும் பாகு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. அதனால் நடுவில் "ப்" வராது. "முறுகுப்பாகு" என்று எழுதிவிட வேண்டாம்.

முறுகினால் கெட்டியாகுமே, இது ஊற்றும் பதத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். சர்க்கரைக்கு நடந்ததைத்தான் சொல் குறிக்கிறது. அதைப் பின்னால் இளக்குவது வெண்ணெயும் ஏடும். பாகு என்றாலே ஊற்றுவது என்று நமக்குத் தெரியும். அதனால் சோஸ் என்பதற்குத் தனிச்சொல்லும் தேவைப்படவில்லை. கெட்டித் துண்டாக வருவதை முறுகுபாகு மிட்டாய் எனலாம். பிரிட்டனியில் கீபெரோன் என்ற கடற்கரை ஊரில் ஆன்ரி லெ ரூ என்ற மிட்டாய்க்காரர் 1977இல் கடை திறந்து, கொட்டைப் பருப்புகளைப் பொடித்துப் போட்டுச் செய்தது அந்த மிட்டாய் வகை. 1980இல் பிரான்சின் சிறந்த மிட்டாய் என்ற பரிசு கிடைத்த பிறகுதான் நாடு முழுக்க இதன் பேச்சு.

ஆக அக்கா கேட்டதற்கு என் விடை: உப்புவெண்ணெய் முறுகுபாகு. நீளம்தான். குறிப்பின் தலைப்பில் ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, உள்ளே முறுகுபாகு என்று போட்டால் போதும்.

அறிவியல் பட்டியல் போடுபவர்களுக்கு ஒரு சொல். இதில் சர்க்கரை தனியாக முறுகுவது ஒன்று, வெண்ணெயிலும் ஏட்டிலும் உள்ள புரதம் சர்க்கரையோடு சேர்ந்து சிவப்பது இன்னொன்று. இரண்டாவதை 1912இல் விளக்கியவர் லூயி கமீய் மையார்; அது மையார் வினை என்றே இருக்கட்டும். முதலாவதை மட்டும் "பாகு முறுகல்" என்று வைத்தால் இரண்டும் குழம்பாது. வெங்காயத்தைப் பொன்முறுவலாக வதக்குவதில் இரண்டுமே நடக்கிறது, ஆகவே அந்தப் பழைய சொல்லைத் தொட வேண்டாம்.

கடைசியாக ஒன்று, ஆசையோடு கேட்கிறேன். சிலர் இதன் மேல் "ஃப்ளேர் த செல்" தூவுகிறார்கள். பிரான்சின் மேற்குக் கடற்கரையில் உள்ள கெராந்த் உப்பளங்களில், கோடையில் காற்றும் வெயிலும் சரியாக அமைந்த நாளில், பாத்தி நீரின் மேல் மெல்லிய படலமாகக் கட்டுவது. அடியில் தங்கும் சாம்பல் நிறக் கல்லுப்பு வேறு, இது வேறு. மேலாக வழித்து எடுப்பார்கள். பெயரின் நேர்ப்பொருள் உப்பின் பூ. நாமும் சுவரில் உப்பு பூத்திருக்கிறது என்றுதான் சொல்கிறோம். ஆகவே "உப்புப்பூ" என்று எழுதலாமா? தூத்துக்குடி, மரக்காணம் பக்கம் உள்ளவர்கள், பாத்தியில் மேலே மிதக்கும் படலத்துக்கு உங்கள் ஊரில் வேறு சொல் இருந்தால் உடனே எழுதுங்கள். இருந்தால் அதுதான் முந்தி.

அக்கா, உங்களிடமும் ஒரு கேள்வி. யாழ்ப்பாணத்தில் பாணி என்பீர்களே, சீனிப்பாணி, பனம்பாணி என்று. "முறுகுபாணி" என்றால் உங்கள் பிள்ளைகள் வாயில் இன்னும் எளிதாக வருமா? நாளைக்குக் காய்ச்சும்போது இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.