புதுப்பிப்பு: மட்டக்குதிரை குட்டி போட கொட்டகையா, தோட்டமா?

முன்ன கேட்டிருந்தது இதுதான்: அந்தியூர் சந்தையில வாங்கின எங்க மட்டக்குதிரை சினையா இருக்கு. வீட்டுக் கொட்டகையா, மாமா தோட்டமா, இல்ல டாக்டர் ஊர்ல கொண்டுபோய்க் கட்டறதா?

வீட்டுலயேன்னு முடிவு பண்ணியாச்சு. இடம் மாத்தறதா இருந்தா ஈத்துக்கு ஒரு மாசம் முன்னாடியே மாத்தணுமாம். அப்பதான் அந்த இடத்துக் கிருமிக்கு எதிர்ப்புசக்தி தாய்க்கு உருவாகி, சீம்பால் வழியா குட்டிக்குப் போகும். இங்க காம்பு நுனியில மெழுகு மாதிரி கட்டவே ஆரம்பிச்சிருச்சு, இனி எங்க நகர்த்தறது?

தோட்டத்துப் புல்தரை சுத்தம்தான். ஆனா ராத்திரி நாய்த்தொல்லை, வெளிச்சமும் கிடையாது. குதிரை பெரும்பாலும் ராத்திரிதான் ஈனும், அதுவும் நாம டீ குடிக்கப் போற நேரம் பாத்து!

கொட்டகையில 12க்கு 12 அடி தடுத்து, கிடந்த மரத்தூளை வாரி வெளிய கொட்டிட்டு வைக்கோல் பரப்பியிருக்கோம். தூள் இருந்தா ஈரக்குட்டி மூக்குல ஒட்டிக்கும். பனிக்குடம் உடைஞ்சு அரை மணி நேரத்துக்குள்ள குட்டி வரணும், இல்லைன்னா உடனே டாக்டருக்கு போன். வெள்ளைப் பைக்குப் பதிலா சிவப்புப் பை தெரிஞ்சா காத்திருக்காம நாமளே கிழிச்சிடணும்னு சொல்லியிருக்கார். போன் நம்பரைத் தூண்லயே சாக்பீஸால எழுதிட்டேன்.